மீனாட்சிசுந்தரம் எங்கே வெட்டுப்பட்டார்?

பெரியப்பாவுக்கு மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில் ஒருநாள் திடீரென்று தமிழில் ரசீது கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆசையாக வாங்கிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மீனாட்சிசு’ என்று இருந்தது. பக்கத்திலேயே ஒரு கறுப்புச் சாய்சதுரம், அதன் வயிற்றுக்குள் ஒரு கேள்விக்குறி. பெரியப்பாவின் பெயர் மீனாட்சிசுந்தரம். கல்லாவில் இருந்த பையனிடம் காட்டினேன். “பேரு நீளமா இருந்தா அப்படித்தாண்ணே வரும். மாத்திரையெல்லாம் சரியாத்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க” என்றான்.

மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். விரல் விட்டு எண்ணினால் ஒன்பது எழுத்து. போன மாதம் வரை இதே பெயர் ஆங்கிலத்தில் பதினேழு எழுத்தாக, ஒரு குறையும் இல்லாமல் அச்சாகிக்கொண்டிருந்தது. பதினேழு எழுத்துக்கு இடம் கொடுத்த ரசீது ஒன்பது எழுத்துக்கு இடமில்லை என்கிறது! பையனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்ததுமே, உள்ளே இருக்கும் பெட்டியின் அளவு எனக்குத் தெரிந்துவிட்டது: 32 பைட். எப்படித் தெரிந்தது என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

ரசீதின் அடியில் உள்ள தொகையிலிருந்து தொடங்குவோம். 2749 ரூபாய். கணினிக்குள் இது 101010111101 என்ற இரும எண்ணாகக் கிடக்கிறது. காகிதத்தில் வரவேண்டுமென்றால் ‘2’, ‘7’, ‘4’, ‘9’ என்ற நான்கு எழுத்துகளாக அது மாறியாக வேண்டும். மாற்றுகிற வழி நம் பள்ளிக்கூடக் கணக்குதான். பத்தால் வகுத்தால் மீதி 9. ஈவை மறுபடி பத்தால் வகுத்தால் மீதி 4. பிறகு 7, பிறகு 2. ஒவ்வொரு மீதியோடும் 48ஐக் கூட்டினால் அந்த இலக்கத்தின் எழுத்துக்குறி எண் வந்துவிடும். ‘0’ என்ற எழுத்தின் குறி எண் 48, ‘9’க்கு 57.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இலக்கங்கள் தலைகீழாக வருகின்றன. முதலில் கையில் கிடைப்பது கடைசி இலக்கம். ஆகவே அனுபவப்பட்ட நிரலர்கள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதன் வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் பஃபர். நினைவகத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்த சில பைட்டுகள், அவ்வளவுதான். எத்தனை பைட் ஒதுக்கவேண்டும்? 32 பிட் முழு எண் என்றால் மிக நீளமாக வரக்கூடியது −2147483648. குறியோடு சேர்த்து 11 எழுத்து. சி மொழியில் எழுத்துத் தொடர் முடிந்துவிட்டது என்று காட்ட ஒரு பூஜ்ய பைட் வைக்கவேண்டும், ஆக 12. முழு எண்ணுக்கு இப்படி முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். பெயருக்கு? முகவரிக்கு? தசம எண்ணுக்கு? எழுதி முடித்த பிறகுதான் நீளம் தெரியும்; எழுதத் தொடங்கும் முன்பே இடம் ஒதுக்கியாக வேண்டும். எழுத்தை வடிவமைத்து அச்சுக்கு அனுப்பும் எல்லா நூலகங்களும் மாட்டிக்கொண்டு முழிப்பது இந்த இடத்தில்தான்.

1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸின் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் இதற்குக் கறாரான ஒரு வழி வைத்திருந்தது. ஃபார்மேட் என்று ஒரு கூற்று. அதில் இந்த எண்ணுக்கு ஐந்து கட்டம், அந்த எண்ணுக்குப் பத்து கட்டம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று நிரலரே சொல்லிவிடவேண்டும். இடம் முன்கூட்டியே நிச்சயம். எண் அதில் அடங்காவிட்டால்? இன்றைய ஃபோர்ட்ரானில் கட்டம் முழுவதும் நட்சத்திரக் குறிகள் வரும். இரண்டு கட்டத்தில் 100ஐப் போடச் சொன்னால் ‘**’ என்று அச்சாகும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் எனக்கு இந்த முரட்டு நேர்மை பிடிக்கும். ‘10’ என்று வெட்டிப் போட்டிருந்தால் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்? பெயர் வெட்டுப்பட்டால் பார்த்தவுடன் தெரியும். எண் வெட்டுப்பட்டால் அது வேறொரு எண்ணாக, முழு ஆரோக்கியத்தோடு உலவும்.

அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அடுத்த தலைமுறை வேறு பாதையில் போயிற்று. இங்கிலாந்தில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ‘ரைட்எஃப்’ என்று ஒரு செயற்கூறு இருந்தது. வாக்கியத்தை அப்படியே எழுதி, எண் வரவேண்டிய இடத்தில் மட்டும் % குறி போட்டுவிட்டால் போதும். அந்த யோசனை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய பி மொழிக்கு ‘பிரிண்ட்எஃப்’ என்ற பெயரில் போய், அங்கிருந்து டென்னிஸ் ரிச்சியின் சி மொழிக்கு வந்து, உலகம் முழுக்கப் பரவியது. பெயரின் வாலில் உள்ள ‘எஃப்’ ஃபார்மேட்டைக் குறிக்கிறது. ‘அன்புள்ள %எஸ், நீங்கள் தரவேண்டியது ரூ. %டி’ என்று எழுதினால், எஸ் இருக்கும் இடத்தில் பெயரும் டி இருக்கும் இடத்தில் எண்ணும் போய் உட்காரும். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் மாதிரிப் பத்திரிகையில் கோடு போட்டு இடம்விட்டு வைப்பார்களே, அதே வேலை.

பிரிண்ட்எஃப் நேராகத் திரைக்கு எழுதுகிறவரை ஆபத்தில்லை. திரைக்கு அடி கிடையாது. எவ்வளவு ஊற்றினாலும் போய்க்கொண்டே இருக்கும். (நேராக என்பது முழு உண்மையல்ல. அங்கேயும் நடுவில் ஒரு பஃபர் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் இயங்குதளத்தின் கதவைத் தட்டினால் நேரம் வீணாகும் என்பதால், சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புவார்கள். பொதுவாகத் திரைக்கென்றால் வரி முடிந்ததும் போகும். கோப்புக்கென்றால் பெட்டி நிறைந்த பிறகுதான் போகும். நிரல் நடுவழியில் செத்தால், பெட்டியில் இருந்ததும் கூடவே சாகும். ‘இங்கே வந்தாச்சு’ என்று அச்சடிக்கும் வரியைப் பல இடங்களில் போட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் ஒன்றுகூட வராததால் நிரல் அங்கே வரவேயில்லை என்று நம்பி, தவறான இடத்தில் இரண்டு நாள் தோண்டியவன் நான்.)

ஆபத்து அதன் தம்பி ‘எஸ்பிரிண்ட்எஃப்’ வடிவில் வந்தது. இது திரைக்கு எழுதாது; நீங்கள் காட்டும் பெட்டிக்குள் எழுதும். ரசீது, கடிதம், கோப்புப் பெயர் என்று எதையாவது முதலில் நினைவகத்தில் கட்டிவைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்த இதுதான் வசதி. சிக்கல் என்னவென்றால், பெட்டி எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும்தான் அதனிடம் சொல்கிறோம். எங்கே முடிகிறது என்று சொல்ல அதற்கு ஒரு வாய்ப்பே வைக்கவில்லை. பாத்திரத்தைக் காட்டியாகிவிட்டது, அது படியா மரக்காலா என்று சொல்லவில்லை. அது ஊற்றிக்கொண்டே போகும். வழிந்தது பக்கத்துப் பாத்திரத்தில் விழும். பக்கத்தில் இருப்பது இன்னொரு பெயராக இருக்கலாம். இந்தச் செயற்கூறு முடிந்ததும் எந்த வரிக்குத் திரும்பவேண்டும் என்று குறித்து வைத்த முகவரியாகவும் இருக்கலாம்.

தசம எண் ஒன்றை %எஃப் போட்டு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைதானே, 20 பைட் தாராளம் என்று தோன்றும். ஆனால் 64 பிட் தசம எண் ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸ வரை போகும். %எஃப் அதை அடுக்குக்குறி போட்டுச் சுருக்காது. 309 இலக்கம், ஒரு புள்ளி, அதன் பின் ஆறு பூஜ்யம் என்று 316 எழுத்தை இறக்கி வைக்கும். எங்கோ ஒரு கணக்குப் பிழையால் அப்படி ஓர் எண் வந்துவிட்டால் 20 பைட் பெட்டியின் கதி என்ன?

அளவு கேட்காத இந்தக் குடும்பத்தில் ‘கெட்ஸ்’ என்று ஒரு பங்காளியும் உண்டு. எழுதுவது அதன் வேலையில்லை. வெளியிலிருந்து ஒரு வரியைப் படித்துப் பெட்டியில் போடும். அதுவும் பெட்டியின் அளவைக் கேட்காது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ் இணையத்தில் விட்ட புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். ஃபிங்கர் என்ற சேவையின் வழங்கி நிரல் 512 பைட் பெட்டியை வைத்துக்கொண்டு கெட்ஸை நம்பி உட்கார்ந்திருந்தது. புழு 536 பைட் அனுப்பியது. மிகுந்த 24 பைட், திரும்பவேண்டிய முகவரியின் மேல் போய் விழுந்தது. நிரல் திரும்பியபோது தன் வீட்டுக்குப் போகாமல் புழு காட்டிய வாசலுக்குப் போயிற்று. கெட்ஸை சி மொழியின் தரநிலையிலிருந்து தூக்கியே எறிந்தார்கள், ஆனால் 2011இல்தான். எஸ்பிரிண்ட்எஃப் இன்னும் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் அதைப் பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை வரும். வேறு பல இடங்களில் அதுகூட இல்லை.

மருந்து எளிது. பெட்டியோடு அதன் அளவையும் கொடு. ‘எஸ்என்பிரிண்ட்எஃப்’ என்ற செயற்கூறு செய்வது இதைத்தான். 1999இன் சி தரநிலையில் அது இடம்பெற்றது. 32 என்று சொன்னால் 31 பைட் வரை எழுதி, 32ஆவது இடத்தில் பூஜ்யத்தை வைத்து நிறுத்திக்கொள்ளும். வழியாது. அதைவிட அழகான ஒரு காரியத்தையும் செய்கிறது. எத்தனை எழுதினேன் என்று திருப்பிச் சொல்லாமல், இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருப்பேன் என்று சொல்கிறது. 32 பைட் பெட்டியைக் கொடுத்து அது 48 என்று பதில் சொன்னால் பெயர் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். கூடவே, வெட்டாமல் இருக்க 49 வேண்டும் என்றும் அர்த்தம். இன்னும் ஒரு படி மேலே போய், பெட்டியே கொடுக்காமல் அளவு பூஜ்யம் என்று சொல்லி அழைக்கலாம். ஒன்றும் எழுதாமல் அளவை மட்டும் சொல்லும். அந்த அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மறுபடி அழைத்தால் கனகச்சிதமாகப் பொருந்தும். தையற்காரர் முதலில் அளவெடுத்து, பிறகு துணியை வெட்டுவதுபோல.

ஆனால் அந்த அழகான பதிலே ஒரு குழியும் ஆகிறது. ரசீதைத் துண்டு துண்டாகக் கட்டுகிறோம்: முதலில் பெயர், அதையொட்டி முகவரி, அதையொட்டித் தொகை. ஒவ்வொரு முறையும் வந்த பதிலைக் கூட்டி, அடுத்தது எந்த இடத்திலிருந்து எழுதவேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம். பெட்டி 64 பைட். பெயரும் முகவரியும் சேர்ந்து 70 கேட்டன. எழுதியது 63தான். ஆனால் நம் கணக்கு இப்போது 70இல் நிற்கிறது. மிச்ச இடம் எவ்வளவு? 64 − 70 என்பது −6. அளவுகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்வகையில் கழித்தல் குறியே கிடையாது. 64 பிட் இயந்திரத்தில் அந்த −6, 18446744073709551610 ஆகிவிடும். அடுத்த அழைப்பில் ‘இவ்வளவு இடம் இருக்கிறது, தாராளமாக எழுது’ என்று, பெட்டிக்கு வெளியே ஆறு பைட் தள்ளி நின்றுகொண்டு சொல்கிறோம். பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டு, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. லினக்ஸ் கருவை எழுதுகிறவர்கள் இதற்கென்றே ‘எஸ்சிஎன்பிரிண்ட்எஃப்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது உண்மையில் எழுதிய எண்ணிக்கையை மட்டும் சொல்லும்.

இன்னொரு குழி % குறியிலேயே இருக்கிறது. வடிவத்தைச் சொல்லும் வாக்கியத்தை நிரலர்தான் எழுதவேண்டும். சோம்பலில், வெளியாள் கொடுத்த பெயரையே வடிவ வாக்கியமாகக் கொடுத்துவிட்டால்? பெயருக்குள் % இருந்தால் பிரிண்ட்எஃப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். யாரும் கொடுக்காத மதிப்பைத் தேடி நினைவகத்துக்குள் கையை விடும். அதிலும் %என் என்று ஒன்று உண்டு. அது எதையும் அச்சிடாது. இதுவரை எத்தனை எழுத்து போயிற்று என்பதை நினைவகத்தில் எழுதி வைக்கும். வெளியாளுக்கு இதைவிட நல்ல ஆயுதம் எங்கே கிடைக்கும்? 2000இல் டபிள்யூயூ-எஃப்டிபி என்ற கோப்பு வழங்கியை இந்த வழியாக உடைத்த பிறகுதான் உலகம் விழித்தது. விழித்ததா என்பதும் சந்தேகமே. 2021 ஜூனில், ‘%பி%எஸ்%எஸ்%எஸ்%எஸ்%என்’ என்று பெயர் வைத்த வைஃபையோடு இணைந்த ஐபோனில் வைஃபையே செத்துப்போனது. அணைத்துப் போட்டாலும் வரவில்லை. வலையமைப்பு அமைப்புகளை அழித்து மீட்டமைத்தபோதுதான் உயிர் வந்தது.

தசம எண்ணுக்கு எவ்வளவு இடம் போதும் என்பது ஒரு தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்தது. 0.1 என்று நாம் எழுதுவதை இருமத்தில் துல்லியமாக வைக்க முடியாது. கணினியிடம் உண்மையில் இருப்பதை முழுதும் எழுதினால் புள்ளிக்குப் பின் 55 இலக்கம் வரும். அத்தனையும் தேவையா? திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை என்றால், எந்த 64 பிட் தசம எண்ணுக்கும் 17 முதன்மை இலக்கம் போதும். பலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அந்த மிகச் சிறிய வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வழியை ஸ்டீல், வைட் என்ற இருவர் 1990இல் ஒரு கட்டுரையில் தந்தார்கள். 2018இல் உல்ஃப் ஆடம்ஸின் ‘ரியூ’ என்ற வழிமுறை அதைப் பன்மடங்கு வேகமாக்கியது. 0.1 என்று கேட்டால் இன்றைய மொழிகள் பல மரியாதையாக 0.1 என்றே காட்டுவதற்கு இந்த வரிசை ஆட்களுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

சி++ மொழி இந்த மொத்தப் பஞ்சாயத்தையும் 2020இன் தரநிலையில் மறுபடி எடுத்துப் பேசியது. விக்டர் ஸ்வெரோவிச்சின் நூலகத்தை அடியொற்றி ‘ஃபார்மேட்’ வந்தது. % போய், பைத்தானைப் போல நெளிவு அடைப்புக்குறி வந்தது. வடிவ வாக்கியத்துக்கும் கொடுத்த மதிப்புக்கும் பொருத்தம் இல்லையென்றால், நிரல் ஓடுவதற்கு முன்பே, தொகுக்கும்போதே பிழை காட்டிவிடும். பெட்டி விஷயத்தில் மூன்று வழி திறந்துவிட்டார்கள். எழுத எழுத வளர்கிற பெட்டி வேண்டுமா, எடுத்துக்கொள். இத்தனைக்கு மேல் எழுதாதே என்று எல்லை போடவேண்டுமா, போடு. அப்போதும் முழு அளவு எவ்வளவு என்று பதில் வரும். அளவு மட்டும் வேண்டுமா, அதற்கும் தனியாக ஒன்று. எஸ்என்பிரிண்ட்எஃப் ஒரே வாயால் சொன்னதை இங்கே மூன்று பேர் தனித்தனியாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் தெளிவு.

ஆனால் இவர்கள் எல்லோரும் எல்லை என்று சொல்லும்போது எதை எண்ணுகிறார்கள்? எழுத்தையா? பெரியப்பாவிடம் திரும்புவோம்.

யூனிகோடில் மீனாட்சிசுந்தரம் ஒன்பது எழுத்தல்ல, பதினாறு குறி. ம, ஈகாரக் குறி, ன, கால், ட, புள்ளி என்று துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி ஆட்கள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 48. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் அங்கே 17இல் முடிந்தது. பெட்டி 32, கடைசிப் பூஜ்யம் போக 31. முப்பது பைட்டில் பத்துக் குறி, அதாவது ‘மீனாட்சிசு’ வரை அடங்கிவிட்டது. அடுத்த எழுத்து ‘ந’. அதற்கு 224, 174, 168 என்று மூன்று பைட். மிச்சம் இருந்த ஒரே இடத்தில் 224 மட்டும் ஏறி உட்கார, கதவைச் சாத்திவிட்டார்கள். தலை உள்ளே, உடம்பு வெளியே. அச்சுப்பொறிக்குப் போனபோது இந்தத் தனித் தலை எந்த எழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு அடையாளம்தான் சாய்சதுரத்துக்குள் இருந்த கேள்விக்குறி.

பாதி பைட்டைத் தவிர்ப்பது கடினமில்லை. யுடிஎஃப்-8இல் ஒரு குறியின் நடுப்பகுதி பைட்டுகள் எப்போதும் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும். வெட்டுக்கு வெளியே முதலில் நிற்கும் பைட்டைப் பார். அது அந்த வரம்புக்குள் இருந்தால் நடுவில் வெட்டியிருக்கிறாய். குறியின் தலை வெளியே வரும்வரை பின்னால் போ. தமிழுக்கு அது போதாது. பெட்டி 34ஆக இருந்திருந்தால் 33 பைட், பதினொரு குறி, ஒரு பைட்கூடச் சிதையாமல் ‘மீனாட்சிசுந’ என்று அச்சாகியிருக்கும். புள்ளி மட்டும் வெளியே நிற்கும். கணினியின் கண்ணுக்கு இதில் ஒரு பிழையும் இல்லை. கண்ணன் ‘கண்ணன’ ஆவதும் இப்படித்தான். ஆகவே வெட்டிய இடத்துக்கு அடுத்து நிற்பது புள்ளியோ துணைக்குறியோ என்று பார்த்து, அப்படியானால் அதைச் சுமக்கும் மெய்யையும் சேர்த்துக் கழித்துவிடவேண்டும். சி++ ஃபார்மேட்டில் பத்தியை நேராக நிறுத்த இடைவெளி விடும் கணக்கு, குறிகளை இப்படி எழுத்தாகச் சேர்த்துத்தான் எண்ணுகிறது. பழைய பிரிண்ட்எஃப் பைட்டை எண்ணிக்கொண்டிருப்பதால்தான் தமிழ்ப் பெயர்கள் வரும் பட்டியலில் பத்திகள் கோணிக்கொண்டு நிற்கும். ஆனால் ஃபார்மேட்டிலும் எல்லை போட்டு எழுதும் வழி இன்னும் பைட்டைத்தான் எண்ணுகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே கடையில் பெரியப்பாவின் பெயர் முழுசாக வந்தது. “சாஃப்ட்வேர்காரர் வந்து டபுள் ஆக்கிட்டுப் போனாருண்ணே” என்றான் பையன். 64 பைட், பூஜ்யம் போக 63. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் தன் ரசீதை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்பது இருபத்தொரு குறி. சரியாக 63 பைட். மயிரிழையில் அடங்கியிருக்கவேண்டியவர். ஆனால் அவருக்கு ‘எ.’ என்று ஒரு இனிஷியல் இருந்தது.